முடிவு தெரிந்த கதைக்குத் திட்டமிடுதல்

வன்னியின் உடையார்கட்டைக் களமாக வைத்து நாவல் எழுத உட்காருபவர் பெரும்பாலும் திகதிகளிலிருந்துதான் தொடங்குகிறார். புதிதாக ஒரு கொப்பி எடுத்து, 1995 வலிகாம இடப்பெயர்வு, 1996 கிளிநொச்சி, 2002 சமாதானம், 2004 கடல்கோள், 2006 செஞ்சோலை, 2009 தை, 2009 வைகாசி என்று ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுகிறார். நாலைந்து பக்கம் நிரம்பியதும் கதைக்குத் திட்டம் தயார் என்ற நிறைவு வந்துவிடுகிறது. அந்தக் கொப்பி தேவையானதுதான். ஆனால் அதையே நாவலின் திட்டமாக எடுத்துக்கொண்டால், நூறு பக்கத்துக்குள் எழுத்து நின்றுபோகும். நிற்காவிட்டால் அறிக்கையாக ஓடி முடியும். வன்னியில் நடந்த போரின் முடிவு வாசகர் எல்லாருக்கும் தெரியும். கதை, போர் முடிந்த முள்ளிவாய்க்காலை நோக்கித்தான் போகிறது என்பதை அவர் முதல் பக்கத்திலேயே அறிந்திருக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வியைக் காட்டி அவரைக் கூட்டிச்செல்ல முடியாது. ஆகவே இந்த அத்தியாயம் ஒரே ஒரு கருத்தைத்தான் வற்புறுத்துகிறது: முடிவு தெரிந்த கதைக்கு மனிதர் எடுத்த தீர்மானங்களை வைத்தே திட்டமிட வேண்டும். எந்த நாளில், எதை அறிந்து, எதை அறியாமல், யார் என்ன முடிவெடுத்தார் என்ற வரிசையே நாவலைத் தாங்கும்.

நாட்காட்டி ஏன் போதாது

முதலில் அந்தத் திகதிக் கொப்பியையே எடுத்துப் பார்ப்போம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் வீதியில், தருமபுரம், விசுவமடு தாண்டி வருவது உடையார்கட்டு. அதற்கப்பால் சுதந்திரபுரம், வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளரும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமானது. அதே மாதம் மூன்றாம் வாரத்தில் உடையார்கட்டு, இருட்டுமடு, தேவிபுரம் ஆகியவற்றைச் சேர்த்துச் சுமார் 35 சதுரக் கிலோமீற்றர் நிலத்தை அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. சனம் அதற்குள் வந்து சேர்ந்தது. செல்லும் வந்து விழுந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, அந்த வலயத்துக்குள் சனம் கூடியிருந்த இடங்களும் மருத்துவமனைகளும் தாக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. விடுதலைப் புலிகள் இயக்கம் சனத்தை வெளியேற விடாமல் தடுத்ததையும், கட்டாயமாக ஆட்சேர்த்ததையும் அதே அறிக்கை பதிவு செய்கிறது. பெப்ரவரியில் வலயம் மாத்தளன் கடற்கரையோரமாக ஒடுங்கியது. மே 18, 19இல் எல்லாம் முடிந்தது. இவ்வளவும் உண்மை. இதில் ஒன்றையும் மாற்ற உங்களுக்கு உரிமையில்லை.

ஆனால் மேலே உள்ள வாக்கியங்களை இன்னொரு தடவை வாசித்து, ஒவ்வொன்றிலும் செயலைச் செய்பவர் யாரென்று பாருங்கள். அரசாங்கம், இராணுவம், இயக்கம், ஐ.நா., செல். மனிதர் வருமிடத்திலும் ‘சனம்’ என்ற ஒரே சொல்லாக வருகிறார்கள். நாட்காட்டியை அத்தியாயத் தலைப்புகளாக மாற்றினால் உங்கள் நாவலிலும் இதுவே நடக்கும். கதைமாந்தர் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஏதோ ஒன்றுக்கு ஆளாவார்களே தவிர, எதையும் செய்யமாட்டார்கள். இரண்டாவது குறை, நாட்காட்டி எல்லா நாட்களையும் அவற்றின் அரசியல் கனத்தால் நிறுக்கிறது. கிளிநொச்சி வீழ்ந்த நாள் அதில் பெரிய எழுத்தில் நிற்கும். ஒரு குடும்பத்துக்கோ அதற்கு நாலு நாள் முந்தி மாட்டை அவிழ்த்துவிட்ட பொழுதுதான் பெரிய நாளாக இருந்திருக்கும். மூன்றாவது குறையே மிகவும் கெடுதலானது: நாட்காட்டி பின்னாலிருந்து எழுதப்படுவது. அதை வைத்து எழுதுபவரின் மாந்தர்கள் தங்களுக்குத் தெரியவராத முடிவைத் தெரிந்தவர்கள்போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். 2008 ஆவணியில் ஒருவர், இது இப்படித்தான் முடியப்போகிறது என்று பெருமூச்சு விட்டால், அந்தப் பெருமூச்சு எழுதுபவருடையது. அந்த மனிதர் அன்று தன் பயிரையும் பிள்ளையின் பரீட்சையையும் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

முடிவு தெரிந்தவர் ஏன் விடியும்வரை இருக்கிறார்

முடிவு தெரிந்த கதையைக் கேட்க ஆள் இருக்குமா என்ற ஐயத்துக்கு முல்லைத்தீவு மாவட்டமே விடை வைத்திருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் போகும் சனத்துக்குக் கண்ணகியின் கதை தெரியாததல்ல. இந்த மண்ணுக்கென்றே உரிய கோவலன் கூத்தை இரவிரவாக இருந்து பார்ப்பவருக்கும் கோவலன் வெட்டுண்ணப் போகிறான் என்பது தெரியும். தெரிந்தும் அவர் எழும்பிப் போவதில்லை. சிலப்பதிகாரமும் இதையே நம்பிக் கட்டப்பட்டது. அதன் பதிகம் கதை முழுவதையும் தொடக்கத்திலேயே சொல்லி, முப்பது காதைகளையும் வரிசைப்படுத்திவிடுகிறது. முடிவை ஒளித்து வைக்க வேண்டிய தேவை அந்த நூலுக்கு இல்லை. வாசகரைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. செல்வத்தைத் தொலைத்து வெட்கி வந்து நிற்கும் கோவலனிடம் சிலம்பு இருக்கிறது என்கிறாள் கண்ணகி. அதை முதலாக வைத்து மதுரையில் வணிகம் செய்வோம் என்று அவன் தீர்மானிக்கிறான். பொழுது விடியுமுன்னரே இருவரும் ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள். அந்த இரவில் அவர்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நல்ல முடிவு. கேட்பவருக்கோ அந்தச் சிலம்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே விடியும்வரை மனிதரை உட்கார வைக்கிறது.

உலக இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. கார்சியா மார்க்வெஸ் 1981இல் வெளியிட்ட, முன்னறிவிக்கப்பட்ட ஒரு மரணத்தைப் பற்றிய குறுநாவல், சந்தியாகோ நாசார் அன்று கொல்லப்படப் போகிறான் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறது. ஊரில் பலருக்கும் அது முன்கூட்டித் தெரிந்திருந்தும் ஏன் ஒருவரும் தடுக்கவில்லை, யார் யார் எந்தக் கணத்தில் என்ன நினைத்து வாளாவிருந்தார்கள் என்பதே கதையாகிறது. சிலப்பதிகாரத்தின் வழியும் மார்க்வெஸ் வழியும் ஒன்றல்ல. ஒன்றில் மாந்தர் அறியாமல் செய்கிறார்கள். மற்றதில் அறிந்தும் செய்யாமல் விடுகிறார்கள். ஆனால் இரண்டு நூலும், மனிதரின் அறிவுக்கும் செயலுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் தம் அத்தியாயங்களை நட்டிருக்கின்றன. வன்னிக் கதையைத் திட்டமிடுபவருக்கு வேண்டியதும் அதே இடம்.

இரண்டு கொப்பிகள்

ஆகவே வேலையை இரண்டு கொப்பிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது தகவல் கொப்பி: திகதிகள், இடங்கள், தூரங்கள், பயிர்க்காலங்கள், விலைகள், வானிலை, பெயர்கள். இரண்டாவது கதைக் கொப்பி. முதலாவதில் உள்ள எதுவும் தானாக இரண்டாவதுக்குள் வரக்கூடாது. ஒரு மாந்தரின் தீர்மானம் அதைக் கேட்டு அழைத்தால் மட்டுமே வரவேண்டும். எமில் ஸோலா ‘ஜெர்மினல்’ நாவலுக்கு வேலை செய்த முறை இதற்கு நல்ல சான்று. 1884 பெப்ரவரியில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அன்சானுக்கு அவர் நேரில் போனார், சுரங்கத்துக்குள் இறங்கினார், கண்டதையும் கேட்டதையும் குறிப்பாக எழுதினார். அந்தக் குறிப்புகள் ஒரு கட்டு. கதையின் கருவை யோசித்து எழுதிய வரைவு இன்னொரு கட்டு. மாந்தர் விபரம் ஒரு கட்டு. அத்தியாய வாரியான திட்டம் வேறொரு கட்டு. இவ்வளவும் ஆன பிறகுதான் அந்த ஏப்ரலில் எழுதத் தொடங்கி, அடுத்த ஜனவரியில் ஏழு பகுதிகளும் நாற்பது அத்தியாயங்களும் கொண்ட நாவலை முடித்தார். திரட்டிய தகவலுக்கும் வகுத்த கதைக்கும் நடுவே அவர் வேலி போட்டிருந்தார் என்பதே நமக்கு முக்கியம். வேலி இல்லாவிட்டால், பாடுபட்டுத் திரட்டியதை வீணாக்க மனம் வராமல் எழுத்தாளர் எல்லாவற்றையும் நாவலுக்குள் கொட்டிவிடுவார்.

கதைக் கொப்பியில் ஒரு அத்தியாயத்துக்கு ஒரு தாள் ஒதுக்கி, நாலு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இந்த அத்தியாயத்தில் தீர்மானம் எடுப்பவர் யார்? அவருக்கு அன்று என்ன தெரியும்? என்ன தெரியாது? அவர் எடுத்த முடிவால் யாருக்கு எந்த வழி அடைபட்டது? ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 2009 ஜனவரி நடுப்பகுதி. உடையார்கட்டுக் குளத்தின்கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்யும் ஒரு குடும்பம் என்று வையுங்கள்: தாய், நடமாட முடியாத மாமனார், பதினேழு வயது மகன், பத்து வயது மகள். தை மாதமென்பதால் காலபோக நெல் விளைந்து அறுவடைக்கு நிற்கிறது. வீதியால் மேற்கிலிருந்து சனம் வந்துகொண்டே இருக்கிறது. மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எட்டுத் தடவை, பத்துத் தடவை இடம் மாறியவர்கள். உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத் தகரமும் கதவு நிலைகளும் தறப்பாளும் கோழிக்கூடும். வீட்டு வளவில் இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே தறப்பாள் கட்டி இருக்கின்றன. தாய் பங்கருக்கு மண்மூட்டை அடுக்கத் தன் சேலைகளைப் பையாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் காட்சி எவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்டாலும் இன்னும் அத்தியாயம் ஆகவில்லை. ஏனெனில் இதுவரை ஒருவரும் ஒன்றையும் தீர்மானிக்கவில்லை.

இப்போது கேள்விகளைப் போடுங்கள். நெல்லை அறுப்பதா, விட்டுவிட்டுக் கிழக்கே போவதா? இதைத் தீர்மானிப்பவள் தாய். அவளுக்குத் தெரிந்தவை: கிளிநொச்சி விழுந்துவிட்டது, அரிசி விலை ஏறிக்கொண்டிருக்கிறது, மாமனாரை ஏற்றிப்போக வாகனம் வேண்டும், இயக்கம் வீட்டுக்கு ஒருவர் கேட்கிறது, மகனை வீதிக்கு விட்டால் பிடித்துப் போவார்கள். தெரியாதவை: இன்னும் சில நாளில் தன் ஊரே பாதுகாப்பு வலயமாகப் போகிறது, அந்தப் பெயர் ஒருவரையும் காப்பாற்றப் போவதில்லை, கிழக்கே போகும் வீதி கடலில் முடியும்போது திரும்பி வர வழியிராது. அறுப்பது என்று முடிவெடுக்கிறாள். கதிரை வெட்ட ஆள் வேண்டும். ஆளென்றால் ஒளித்து வைத்த மகன் வெளியே வயலுக்கு வந்தாக வேண்டும். அரிசியையும் மகனையும் ஒரே தராசில் வைக்கும் அந்த முடிவுதான் அத்தியாயம். வலய அறிவிப்பு அடுத்த அத்தியாயத்தில் வருகிறது. அப்போது அது வெறும் செய்தியாக வராது. நெல்லை வெட்டி வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பத்துக்கு, போகாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று என்ற நிம்மதியாக வரும். அந்த நிம்மதியை வாசகர் தாங்கமாட்டார். இதை உண்டாக்க ஒரு வரி அலங்காரமும் தேவையில்லை. தாளில் தெரிந்தவை, தெரியாதவை என்ற இரண்டு நிரலையும் நேர்மையாக நிரப்பினால் போதும்.

எங்கே தொடங்குவது, எவ்வளவு எடுப்பது

தீர்மானங்களை வரிசைப்படுத்தத் தொடங்கியதும் தொடக்கம் எது என்ற கேள்வி எழும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பின்னால் அதைவிடப் பழைய தீர்மானம் ஒன்று இருக்கும். ‘போரும் அமைதியும்’ இந்த வழியில் உருவானதைத் தோல்ஸ்தோய் தம் முன்னுரை வரைவு ஒன்றில் விளக்கியிருக்கிறார். 1856இல் நாடுகடத்தலிலிருந்து திரும்பி வரும் ஒருவரைப் பற்றி எழுதத் தொடங்கியவர், அவரை விளங்கிக்கொள்ள 1825 கிளர்ச்சிக்குப் போக வேண்டியிருந்தது; அங்கிருந்து அவரது இளமைக்காலமான 1812க்கு; வெற்றியை மட்டும் எழுத மனம் ஒப்பாமல், தோல்வி நிகழ்ந்த 1805க்கு. கடைசியில் நாவல் 1805இல் தொடங்கியது. முதலில் நினைத்த 1856 நாவலுக்குள் வரவே இல்லை. உடையார்கட்டுக் கதைக்கும் இப்படிப் பின்னோக்கிப் போகும் வழிகள் உண்டு. அந்தத் தாயின் தகப்பன் ஏன் இந்த மண்ணுக்கு வந்தார்? 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் நல்ல காசு தந்தபோது, விசுவமடுப் பக்கத்துக் குடியேற்றத் திட்டங்களில் காணி எடுத்து வந்தவரா? 1977 வன்செயலில் மலையகத்தில் எல்லாம் இழந்து வந்தவரா? 1995இல் வலிகாமத்திலிருந்து கிளாலியூடாக வந்து திரும்பிப் போகாதவரா? மூவருக்கும் காணி என்பதன் பொருள் ஒன்றாக இராது. நெல்லை விட்டுப் போவதா என்ற கேள்விக்கு மூவர் வீட்டிலும் மூன்று விதமான விடை வரும். சயந்தன் 2015இல் வெளியிட்ட ‘ஆதிரை’ வன்னிப் போரின் கதையைச் சொல்ல வந்தும், மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரின் வாழ்வையும் தனக்குள் இழுத்துக்கொண்டதற்குக் காரணம் இந்தத் தேவைதான்.

ஆனால் பின்னோக்கிப் போவதற்கு எல்லை வேண்டும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பழைய நிகழ்ச்சியை நீக்கிவிட்டால் பிந்திய தீர்மானம் ஏதாவது விளங்காமற் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் அது தகவல் கொப்பியிலேயே இருக்கட்டும். முதல் நாவல் எழுதுபவர் மூன்று தலைமுறையையும் முப்பது மாந்தரையும் எடுத்துக்கொண்டு தடுமாறுவதைவிட, ஒரு வளவையும் ஐந்தாறு பேரையும் எடுத்து முழுமையாகச் செய்வது நல்லது. முல்லைத்தீவுக் காட்டோரக் கிராமமான தண்ணிமுறிப்பைக் களமாக வைத்து அ. பாலமனோகரன் எழுதி, 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்த ‘நிலக்கிளி’யில் மாந்தர் சிலரே, களம் ஒரு சிறு ஊர். வன்னி மண்ணின் நாவல் என்றதும் ஐம்பதாண்டு கழித்தும் முதலில் நினைவுக்கு வருவனவற்றுள் அது ஒன்று. பரப்பைக் குறைத்தால் கதை சிறுத்துவிடும் என்ற அச்சத்துக்கு அந்த நூலே மறுமொழி.

தொடக்கமும் பரப்பும் முடிவானதும் வரிசையை யோசியுங்கள். நடந்த வரிசையிலேயே சொல்லவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அகதித் தஞ்சம் கோரும் விண்ணப்பத்தோடு தொடங்கி, ஊர் வாழ்வுக்கும் இயக்க வாழ்வுக்கும் பிறகு போகிறது. அதிகாரிக்குச் சொல்லவேண்டிய கதை, உண்மையில் நடந்த கதை என்ற இரண்டும் உரசுவது அந்த வரிசையால் கிடைத்த பலன். சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என்று ஊர்களால் பகுக்கப்பட்டது. வீதியொன்றின் வழியே நகர்ந்த வாழ்வுக்கு ஊரால் பகுக்கும் முறை இயல்பாகவே பொருந்தும். தருமபுரம் ஒரு பகுதி, உடையார்கட்டு ஒரு பகுதி, மாத்தளன் ஒரு பகுதி, செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் ஒரு பகுதி என்று வகுத்தால், ஒவ்வோர் இடத்திலும் குடும்பத்தில் யார் தீர்மானிக்கும் நிலையில் இருக்கிறார் என்பது மாறுவதைக் காட்டலாம். வளவில் தாய் தீர்மானிக்கிறாள். பங்கருக்குள் பத்து வயது மகள் தீர்மானிக்க நேரிடலாம். முட்கம்பி வேலிக்குள் எவருக்குமே தீர்மானிக்க ஒன்றும் இல்லாமற் போகலாம். கடைசி நிலையை எழுதுவதுதான் மிகக் கடினம். அதற்கு முன்னால் அவர்கள் தீர்மானித்ததை வாசகர் கண்டிருந்தால்தான் அந்த இழப்பு உறைக்கும்.

மூன்று மறுப்புகள்

திட்டம் போட்டால் எழுத்தின் உயிர் போய்விடும், மாந்தர் தாமாக நடக்க வேண்டும் என்பது முதல் மறுப்பு. இதைச் சொல்பவர்களில் பெரிய படைப்பாளிகள் இருப்பதால் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜெயமோகன், திட்டமில்லாமல் எழுத்தின் போக்கில் போவதையே தம் முறையாகச் சொல்லி வந்திருக்கிறார். 2014 தொடக்கம் 2020 வரை 26 நாவல்களாக அவர் எழுதிய ‘வெண்முரசு’ அன்றாடம் வெளிவந்தது. கல்கியும் ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். ஆனால் இருவருக்கும் கீழே ஏற்கெனவே ஒரு சட்டகம் கிடந்தது. ஒருவருக்கு மகாபாரதம், மற்றவருக்கு, ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவதும் உத்தம சோழன் அரியணை ஏறுவதும் முடிவாகிவிட்ட சோழ வரலாறு. உறுதியான தரை இருந்ததால்தான் அவர்களால் கால் போன போக்கில் நடக்க முடிந்தது. வன்னிப் போரை எழுதுபவருக்கும் நாட்காட்டி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. மகாபாரதம் நிகழ்ச்சிகளை மட்டும் தருவதில்லை. பீஷ்மரின் சபதம், தருமனின் சூது என்று மனிதரின் தீர்மானங்களைத் தருகிறது. நம் நாட்காட்டியில் அந்தத் தீர்மானங்கள் இல்லை. அவற்றை எழுதுபவர்தான் முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்த பிறகு, எழுதும்போது ஒரு மாந்தர் உங்கள் தாளில் உள்ளதுக்கு மாறாக முடிவெடுத்தால் அவரைத் தடுக்காதீர்கள். தாளை மாற்றுங்கள். அவர் எங்கே விலகினார் என்பது தெரியவும் தாள் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. இவ்வளவு சாவு நடந்த இடத்தை வைத்து அத்தியாயம் பிரிப்பதும், வாசகரின் மனம் எங்கே பதறும் என்று கணக்குப் பார்ப்பதும் செத்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. நடந்ததை நடந்தபடி சாட்சியமாகச் சொல்வதே நேர்மை என்பது அந்த மறுப்பு. சாட்சியத்தின் இடம் பெரிது. நாவல் அதற்கு மாற்றாக முடியாது. ஆனால் சாட்சியமும் தெரிந்தெடுக்கப்பட்டே சொல்லப்படுகிறது. நீதிமன்றத்தில் சொல்பவர் கேட்ட கேள்விக்கு ஏற்பச் சொல்கிறார். ஆணைக்குழு முன்னால் சொல்பவர் படிவத்துக்கு ஏற்பச் சொல்கிறார். எதிலும் ஒழுங்கு உண்டு. கேள்வி, அந்த ஒழுங்கு யாருக்கு வேலை செய்கிறது என்பதுதான். சாவுகளைக் கூட்டிக்கொண்டு போய் உச்சத்தில் நிறுத்தும் திட்டம் அவமதிப்பே. அதை இந்த அத்தியாயமும் பரிந்துரைக்கவில்லை. தீர்மானங்களால் ஆன திட்டம் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. எண்ணிக்கையாகிப்போன மனிதருக்கு, அவர் யோசித்தார், தயங்கினார், தேர்ந்தார் என்பதைத் திருப்பிக் கொடுக்கிறது. எழுந்தமானமாக எழுதப்படும் போர்க்கதையில்தான் ஒரு பிணத்துக்கும் அடுத்த பிணத்துக்கும் வித்தியாசம் தெரியாமற் போகிறது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஊர் சிறியது, மாந்தரின் பெயரை மாற்றினாலும் யார் யாரென்று ஆட்களுக்குத் தெரிந்துவிடும், பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தவரும் பறிகொடுத்தவரும் இன்றும் ஒரே வீதியில் இருக்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. இதற்கு விடையும் திட்டமிடும் கட்டத்திலேயே இருக்கிறது. ஒருவரின் வாழ்வை அப்படியே எடுக்காமல் தீர்மானத்தை மட்டும் எடுங்கள். மகனை ஒளித்ததா, ஒப்படைத்ததா என்ற நிலை பல வீடுகளில் இருந்தது. அந்த நிலையை வைத்துக்கொண்டு, தொழில், வயது, குடும்ப அமைப்பு, வீட்டின் இடம் எல்லாவற்றையும் புதிதாக உண்டாக்கலாம். உண்மைப் பெயர்கள் தகவல் கொப்பியிலும் வேண்டாம். அது கைமாறக்கூடிய பொருள். யாருடைய அனுபவத்தையாவது நேரடியாகக் கேட்டு எழுதுவதானால், எந்தப் பகுதி நாவலுக்குள் வருகிறது என்று அவருக்குச் சொல்லி இசைவு பெற்ற பிறகே அந்தத் தாளை அடுக்கில் சேருங்கள்.

முடிவை எங்கே வைப்பது

கடைசியாக, முடிவு. வாசகருக்குத் தெரிந்த முடிவு என்று இதுவரை சொல்லி வந்தோம். அது நாட்காட்டியின் முடிவு. மே மாதத்துடன் நாவலை நிறுத்துவது இலகு. பலர் அப்படியே நிறுத்துகிறார்கள். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் தொடர் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது, போர் முடிந்து ஏறத்தாழ எட்டு ஆண்டு ஆகியிருந்தது. அந்தத் தாய்மாருக்கு 2009 ஒரு முடிவாக இருக்கவில்லை. மகனின் பெயரைக் குடும்ப அட்டையில் வைத்திருப்பதா, மரணச் சான்றிதழ் எடுப்பதா, அவனுக்குப் பேசி வைத்த பெண்ணுக்கு என்ன சொல்வது என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டியவை பிறகும் வந்துகொண்டே இருந்தன. தெரிந்தவை, தெரியாதவை என்ற நிரல்களை இந்தத் தீர்மானங்களுக்கும் போட்டுப் பாருங்கள். இங்கே தெரியாதது வாசகருக்கும் தெரியாது. நாவல் முழுவதும் மாந்தரைவிடக் கூடுதலாக அறிந்திருந்த வாசகர், கடைசியில் அவர்களோடு சமமாக நிற்கும் இடம் இது. உங்கள் கதையில் காணாமற்போனவர் ஒருவர் இருந்தால் முடிவை இங்கே வைப்பதே பொருத்தம். அவருக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கற்பனையில் முடித்து வைக்காதீர்கள். அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

அடுத்த அத்தியாயம் காட்சி எழுதுவதைப் பற்றியது. அதற்குள் போகுமுன் உங்கள் கையில் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும். ஒன்று, தகவல் கொப்பி; அதில் ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில், அந்தச் செய்தி உங்கள் களத்துச் சனத்துக்கு எப்போது, எந்த வழியாகத் தெரியவந்தது என்ற குறிப்பு. இரண்டாவது, ஐந்து அல்லது ஆறு மாந்தர். ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று தீர்மானங்கள். மூன்றாவது, ஒரு தீர்மானத்துக்கு ஒன்றாக எழுதிய தாள்களின் அடுக்கு. தாள்களை நிலத்தில் பரப்பி, எதை முதலில் சொன்னால் எது கனக்கிறது என்று மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். எந்தத் தாளில் தீர்மானிப்பவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் இராணுவம் என்றோ இயக்கம் என்றோ சனம் என்றோ எழுதியிருக்கிறீர்களோ, அந்தத் தாளை எடுத்து, ஒரு மனிதரின் பெயரை இட்டுத் திரும்ப எழுதுங்கள். எல்லாத் தாளிலும் ஒரு மனிதர் வந்துவிட்டால் நாவலை எழுதத் தொடங்கலாம்.